பாலைவனத்துக்குக் கட்டிய பை

பிப்ரவரி 9

என் சிறுநீரகம் ராஜஸ்தானுக்குப் போகப்போகிறது. கூடவே அவரும் போகிறார்.

காலையில் கடற்கரைப் பூங்காவில் நடந்துவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார். ஐசக் அண்ணாச்சி ஏற்பாடு. அவருடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், காலை நடைக் கூட்டத்துக்குத் தலைவர். ஜெய்சால்மர் பக்கத்தில் மணல்மேடுகளில் நாள் முழுக்க நடக்க வேண்டும், ராத்திரி கூடாரத்தில் படுக்க வேண்டும், சாமான்களை ஒட்டகம் சுமக்கும். அப்படிச் சில நாட்கள். ஐசக் அண்ணாச்சியின் மனைவி ஸ்டெல்லாவும் வருகிறாளாம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன், அது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் பெயர் லிங்கதுரை. தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கராக இருந்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி இரண்டு வருஷம் டயாலிசிஸில் கிடந்தார். அப்புறம் என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். ஆபரேஷன் நடந்த தேதியை அவர் வருஷா வருஷம் 'கிட்னி பிறந்தநாள்' என்று கொண்டாடுவார். கேக் வரும், நடைக் கூட்டத்தார் எல்லாரும் வருவார்கள், அவர் தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, "உள்ள இருக்கது கனி. வெளிய இருக்கதும் கனி" என்பார். சுயம்புக்கனி என்ற என் பெயரை இப்படிக் கூறு போட்டவர் அவர் ஒருவர்தான். இந்த வருஷப் பிறந்தநாளை மணலில் கொண்டாட வேண்டுமாம்.

டாக்டரிடம் கேட்டாராம். தண்ணீர் குறையவே கூடாது, மாத்திரை தவறவே கூடாது, அதற்கு உத்தரவாதம் இருந்தால் போகலாம் என்றாராம் டாக்டர். இவர் காதில் 'போகலாம்' மட்டும் விழுந்திருக்கிறது.

அவருக்கு 130/80. தண்ணீர் சரி. மாத்திரை சரி.

பிப்ரவரி 10

அவருக்கு 130/80. தண்ணீர் சரி. என் மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தேன், எண்ணெய் போட்டுப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12

கொண்டுவர வேண்டிய சாமான்களைப் பயணக்காரர்கள் போனில் அனுப்பியிருக்கிறார்கள். கழுத்தை மறைக்கிற தொப்பி. கறுப்புக் கண்ணாடி. உதட்டுக்கு வாசலின். ராத்திரிக் குளிருக்குக் கம்பளிச் சட்டை. நெற்றியில் கட்டுகிற விளக்கு. ஷூவுக்குள் மணல் நுழையாமல் இருக்கக் கணுக்காலைச் சுற்றிக் கட்டுகிற துணி உறை. கடைசியில் 'உற்சாகமான மனநிலை' என்று ஒரு வரி. அதை எந்தப் பையில் வைப்பது என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

துணி உறையைக் கடையில் வாங்க வேண்டாம், நானே தைக்கிறேன் என்றேன். பழைய குடைத் துணி இருந்தது. மாத்திரைக்கும் ஒரு உள்பை தைக்க வேண்டும். ஒட்டகத்தின் மேல் ஏற்றுகிற பையில் மட்டும் மாத்திரையை வைத்தால், ஒட்டகம் ஒரு பக்கம் போய் இவர் ஒரு பக்கம் போனால் என்ன ஆகும்? உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். பாதி இடுப்பில், பாதி பையில்.

தையல் மெஷினை மிதிக்கக் கால் மடங்க மறுக்கிறது. பிப்ரவரியிலேயே இந்தப் புழுக்கம்.

பிப்ரவரி 15

இன்று சண்டை. எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லை.

"மார்ச் மாசம் வேண்டாம், அங்க வெயில் முந்திக்கிடும். அடுத்த டிசம்பர்ல போங்களேன்" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன்.

"அடுத்த டிசம்பர்ல நீ வேற ஒண்ணு சொல்லுவ."

"நான் உங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"ஏளா கனி, மூச்சு விடணும்னாலும் உங்கிட்ட கேட்டுத்தான் விட வேண்டியிருக்கு. ஊறுகா தொட்டா ஒரு சத்தம், கருவாடு வாசம் பிடிச்சா ஒரு சத்தம். ஒரு கிட்னியக் குடுத்துட்டு முழு ஆளையும் எழுதி வாங்கிட்டியா?"

தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். ஊர் ரகசியமெல்லாம் காதில் விழுந்தும் வாய் திறக்காமல் இணைப்பை மட்டும் கொடுக்கிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் உதவியது. எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

ஜெயிலர் என்று என்னை அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

சாயங்காலம் "போங்க. யாரு வேண்டாம்னா? பையை நானே கட்டித் தாரேன். ஒரு குறையில்லாமக் கட்டித் தாரேன்" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக மலரும் என்று நான் நினைக்கவில்லை.

பிப்ரவரி 18

மதுரைக்குப் போய்வந்தேன். சித்தி மகளுக்கு வளைகாப்பு என்று அவரிடம் சொன்னேன். வளைகாப்புக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பியதை அவர் கேட்கவில்லை.

பெண் டாக்டர், சின்ன வயசு. என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"புழுக்கம்னு நினைச்சேன்."

ரத்தம் எடுத்தார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். தானம் கொடுக்கிறவர்களுக்கெல்லாம் இப்படி ஆவதில்லையாம். எனக்கு ரத்தக்கொதிப்பு இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. "வீட்ல பி.பி. மெஷின் இருக்குன்னு சொன்னீங்களே அம்மா, நீங்க ஒரு தடவைகூடப் பார்த்துக்கலையா?" என்று கேட்டாள். அது அவருடைய மெஷின் என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

"உங்களுக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். அதுவும் பாதிக்கு மேல போயிடுச்சு. இன்னும் கொஞ்ச காலம் மருந்துல ஓட்டலாம். அதுக்கப்புறம் உங்களுக்கும் டயாலிசிஸ் வரும். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, பேசணும்."

"அவர் வெளியூர் போறார். வந்ததும் கூட்டிட்டு வாரேன்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அருப்புக்கோட்டை தாண்டுகிறவரை அழுதேன். எட்டயபுரத்தில் டீ குடித்தேன்.

அவருக்கு 128/80. தண்ணீர் அவரே குடித்துக்கொண்டதாகச் சொன்னார்.

பிப்ரவரி 19

துணி உறை தைத்து முடிந்தது. போட்டுக்காட்டினார். பொருத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 22

இந்துஜா ஓசூரிலிருந்து பேசினாள். எங்களுக்கு ஒரே மகள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. அப்பாவுக்கு மணலில் நடக்கிற ஷூ வாங்கி அனுப்பியிருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டு அரை மணி நேரம் அப்பாவும் மகளும் ஒரே கும்மாளம்.

"அப்பா, எங்க ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். டிரான்ஸ்பிளான்ட் பண்ணின ஆளு பாலைவனத்துல நடக்கப்போறாருன்னு. எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க."

"இன்னும் என்னென்ன செய்யப்போறேன் பாரு, பாப்பா."

"அம்மா, நீ ஏன் பேச மாட்டேங்கிற?"

"நான் பை கட்டுதேன்" என்றேன். உண்மைதான். வறுத்த கடலை, சத்துமாவு, பருப்புப்பொடி என்று உப்புக் குறைத்துத் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் உம்மென்று இருக்கவில்லை.

மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இவ்வளவு மாத்திரை கிடக்கிறது, கூட ஒன்று கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

பிப்ரவரி 25

இன்று முழுப் பையையும் கட்டி, அவர் முதுகில் மாட்டிப் பார்த்தோம். கனம் என்றார். நான் ஒன்றை வைக்க, அவர் ஒன்றை எடுக்க, காலை முழுதும் இதே வேலை. கம்பளிச் சட்டை போயிற்று, வந்தது. துண்டு போயிற்று. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சர்க்கரைப் பொட்டலங்களை அவர் எடுத்து வெளியே வைத்தார். நான் உள்ளே வைத்தேன். மறுபடி வெளியே வைத்தார்.

"வெயில் எனக்கு என்ன புதுசா? உப்பளத்துல கண்ணு கூசக் கூச நின்னவன்."

"அது கடலோரம். காத்துலயே ஈரம் இருக்கும். இது அப்படியா?"

"தாகமும் புதுசில்ல கனி. டயாலிசிஸ் சமயத்துல ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடுத்தாங்க? நாக்குல ஐஸ் கட்டிய வச்சுக்கிட்டு ராத்திரி பூராவும் கிடந்திருக்கேன். அந்த வார்டுல எல்லாரும் திருட்டுத் தண்ணி குடிச்சாங்க, நான் ஒரு நாள் குடிச்சிருப்பேனா? தாகத்த என்னய மாதிரி அடக்கினவன் ஊர்ல எவன் இருக்கான்?"

உண்மைதான். நர்ஸுகள் இவரை மற்ற நோயாளிகளுக்குக் காட்டிப் பாராட்டுவார்கள். இவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே முதல் பரிசு அதுதான்.

"அப்ப தண்ணி குடிக்காம இருந்தாத்தான் உயிர். இப்ப குடிச்சாத்தான் உயிர்" என்றேன்.

"தெரியும் தெரியும்."

அவர் குளிக்கப் போனதும் பொட்டலங்களைக் கம்பளிச் சட்டையின் கைக்குள் திணித்து வைத்தேன்.

மார்ச் 1

இன்று சொல்லியிருப்பேன்.

கண்ணாடி முன்னால் நின்று தொப்பியை மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, இப்படித் திரும்பி அப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதுசில் ஒரு பெல்பாட்டம் தைத்துப் போட்டுக்கொண்டு இதே மாதிரி நின்றார். "எப்படி இருக்கேன்?" என்றார். நன்றாக இருந்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று.

எனக்கும் பழுதாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் பையைக் கழற்றி வைத்துவிடுவார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்புறம் ஆயுள் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் போகாமல் போன பாலைவனம்தான் அவர் கண்ணில் தெரியும். கிட்னியைக் கொடுத்து ஒரு தடவை கட்டிப்போட்டேன், கெட்டுப்போன கிட்னியைக் காட்டி இரண்டாம் தடவை கட்டிப்போட்டேன் என்று ஆகும். அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. என் கால் இரண்டும் வீங்கி, நான் இப்போது அவருடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். ஒரு வாரமாக நடக்கிறேன். அவராகக் கேட்கட்டுமே என்று இருக்கிறது.

"நல்லா இருக்கிய" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 2

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். சென்னை போய், அங்கிருந்து ஜோத்பூருக்கு இன்னொரு ரயில். ஐசக் அண்ணாச்சி எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன் கொடுத்திருந்தார். ஸ்டெல்லா லிப்ஸ்டிக் போட்டிருந்தாள்.

அண்ணாச்சியைத் தனியே கூப்பிட்டேன். "தண்ணி குடிச்சாரான்னு நீங்கதான் பார்த்துக்கணும். அவர் கேட்கமாட்டார்."

"தங்கச்சி, அவன் எனக்குச் சொல்லித் தருவான். நீ நிம்மதியா இரு."

ரயில் நகரும்போது அவர் கதவருகே நின்று கையை ஆட்டினார். பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன், செருப்பு கழன்றது, நின்றுவிட்டேன்.

மார்ச் 4

சமைக்கவில்லை. காலையில் வடித்த கஞ்சியே ராத்திரிக்கும். அவருடைய ரத்த அழுத்தம் எழுதுகிற இடம் காலியாக இருந்தது. அந்தப் பட்டையை என் கையில் சுற்றிப் பார்த்தேன். 164/100. எழுதிவைக்கிறேன், இடம் வீணாகவா போக வேண்டும்.

மார்ச் 6

அவர் குரல் போனில் பதிவாகி வந்தது.

"கனி, நல்லா இருக்கேன். காலையில இருந்து நடக்கோம். ஒரு விஷயம் கேளேன், இங்கன வேர்க்கவே மாட்டேங்கு. நம்ம ஊருல பூங்காவ ஒரு சுத்து சுத்துனா சட்ட பிழியிற மாதிரி இருக்கும். இங்க சட்ட அப்படியே மொடமொடன்னு நிக்கி. வெயில் உடம்புல ஒட்டவே இல்ல. தாகமும் அம்புட்டுக்கு இல்ல. சும்மா பயந்தோம்."

நாலு தரம் கேட்டேன். வேர்க்காமல் வெயிலில் எப்படி நடக்க முடியும்? பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். "வேர்க்கும்மா. காத்து காய்ஞ்சு கிடக்கதால வேர்த்த உடனே காய்ஞ்சிரும். நமக்குத் தெரியாது. நம்ம ஊர்க்காரங்க அங்க போனா இதுலதான் ஏமாறுவாங்க" என்றார்.

ஓடிவந்து போன் போட்டேன். கிடைக்கவில்லை. 'வேர்க்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை, தண்ணீர் குடியுங்கள்' என்று எழுதி அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது, அவருக்குப் போய்ச் சேரவில்லை.

மார்ச் 7

ஒரு டிக்.

இன்றுதான் அந்தக் கிட்னி பிறந்தநாள். பால் வாங்கினேன், பாயசம் வைக்கவில்லை.

மார்ச் 8

ஐசக் அண்ணாச்சி கூப்பிட்டார். குரல் அடையாளமே தெரியவில்லை. "தங்கச்சி, பதறாத. துரை ஜோத்பூர் ஆஸ்பத்திரியில இருக்கான். நீ வந்தா நல்லது."

நினைவு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். மூத்திரம் போகிறதா என்று கேட்டேன். நீ வந்துரு தங்கச்சி என்று போனை வைத்துவிட்டார்.

என் பையைக் கட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு சேலை, அவருடைய ஆஸ்பத்திரி ஃபைல், என் மாத்திரை. இந்துஜா விமான டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அவளுக்கு லீவு கிடைத்ததும் வருகிறாள்.

மார்ச் 10

அவரைப் பார்த்தேன். உதடு வெடித்திருக்கிறது. கண் உள்ளே போயிருக்கிறது. தொப்பி மறைத்த இடம் வெளுப்பாகவும் மற்ற இடம் கருகியும் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் "மாத்திரை ஒண்ணும் தப்பல கனி" என்றார். முதல் வார்த்தை அதுதான்.

ஐசக் அண்ணாச்சி வராந்தாவில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

தண்ணீர் கேன்களைச் சுமந்த ஒட்டகம் ஒரு சரிவில் மிரண்டு, சுமையோடு புரண்டிருக்கிறது. கேன்கள் உடைந்துவிட்டன. எல்லாருடைய கையிலும் இருந்த பாட்டில்தான் மிச்சம். மறுநாள் காலையில்தான் ஜீப் வரும். வழிகாட்டி, நிழலில் உட்கார்ந்து இருப்பதைப் பங்கிட்டுக் குடிக்கலாம் என்றிருக்கிறான். ஸ்டெல்லாவுக்குத் தலைசுற்றல்.

"துரை தன் பாட்டில அப்படியே அவ கையில குடுத்துட்டான். நான் வேண்டாம்னேன் தங்கச்சி, சத்தியமாச் சொன்னேன். 'ஏல ஐசக்கு, எனக்கு இது பழக்கம்டா. ரெண்டு வருசம் தாகத்தோட படுத்து எழுந்திரிச்சவன்'னான். மறுபடி எங்க பங்கக் குடுத்தோம், வாய நனைச்சிட்டுத் திருப்பித் தந்துட்டான். எல்லாரும் கை தட்டினோம். நாங்க கை தட்டினோம், தங்கச்சி."

அதற்கு முன்னாலும் அவர் சரியாகக் குடித்திருக்கவில்லை. வெட்டவெளியில் பெண்கள் இருக்கும்போது அடிக்கடி ஒதுங்க வேண்டியிருக்கிறது என்று கூச்சம். ராத்திரி வாந்தி. விடியும்போது பேச்சு குழறியிருக்கிறது. ஜீப் வந்து தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

கம்பளிச் சட்டையைப் பையிலிருந்து எடுத்தாரா என்று கேட்டேன். பகலில் எதற்குக் கம்பளி, ராத்திரிக்குத்தான் கூடாரத்தில் போர்வை இருந்ததே என்றார் அண்ணாச்சி.

மார்ச் 12

பெரிய டாக்டர் வந்தார். தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. என்னுடைய தொலைபேசி நிலையத்து ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. உடம்பு வற்றியதில் சிறுநீரகத்துக்கு ரத்தமே போகவில்லை. திரும்பி வேலை செய்யும் என்று இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வேண்டாம் என்றார்.

பிறகு ஃபைலைப் புரட்டி, யார் கொடுத்தது என்று கேட்டார். நான் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். சேலையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லிக் காலை அழுத்தினார். உங்களுக்கு எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் ஆங்கிலத்திலேயே, மெதுவாகத்தான், பதில் சொன்னேன். உப்பளத்தில் ஏற்றுமதிக் கணக்கு எழுதியவருக்கு அந்த ஆங்கிலம் புரியும் என்பதை மறந்துவிட்டேன்.

டாக்டர் போனதும் அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எப்பருந்து?"

"பிப்ரவரில தெரிஞ்சிது."

"நான் போறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ம்."

"சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா, கனி?"

"போயிருக்கமாட்டிய. அதனாலதான் சொல்லல."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குக் கிட்டப் போய்த் தொட வேண்டும் என்று இருந்தது. எழுந்திருக்கக் கால் வரவில்லை. சும்மா சொல்கிறேன், கால் வந்திருக்கும்.

மார்ச் 13

டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீருக்கு மறுபடி அளவு.

மார்ச் 14

ஐசக் அண்ணாச்சியும் மற்றவர்களும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஸ்டெல்லா என் காலில் விழப் போனாள். தடுத்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. தாகத்துக்குக் குடித்தாள். யாரும் குடிப்பார்கள்.

கோபம் எனக்கு அவர்மேல்தான். வெட்டிச் சேர்த்து, தைத்து, ஆறு வருஷம் ஊறுகாயையும் கருவாட்டையும் தள்ளித் தள்ளி வைத்து நான் காப்பாற்றிய என் சதையை, நாலு பேர் கைதட்டலுக்கு மணலில் காய வைத்துவிட்டு வந்திருக்கிறார். அது அவருடைய உடம்பில் இருந்தது, சரி. அவருடையது மட்டும்தானா?

இதை அவரிடம் சொல்லவில்லை. காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு. கேட்கிறவரிடம் சொல்லத்தான் எனக்கு வரவில்லை.

மார்ச் 17

இனி அது வேலை செய்யாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டோம்.

மார்ச் 18

இந்துஜா வந்தாள். நடந்ததை அப்படியே எழுத வேண்டியதுதான்.

மதியச் சாப்பாடு கொடுத்து முடித்த நேரம். பையைக் கீழே வைத்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். வழி முழுக்க யோசித்து வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அப்பா, நான் தாரேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன். எனக்கும் உங்க குரூப்தான். ஆபீஸ்ல லீவும் கேட்டுட்டேன். நீங்க ஒண்ணும் பேசக்கூடாது."

அவளுக்கு என் விஷயம் தெரியாது. அவருக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அவர் சொல்வார் என்று இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆகாத பிள்ள நீ" என்றார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"நாளைக்கு உனக்கு வாரவன் என்ன சொல்லுவானோ."

"அப்படிச் சொல்லுதவன் எனக்கு வேண்டாம்பா."

நர்ஸ் ஒருத்தி வந்து அவர் கையிலிருந்த பிளாஸ்திரியை மாற்றிவிட்டுப் போனாள். போகிறவரை மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் காத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வான் ஒரு வார்த்தைக்கு? எடுத்துக்கொள்ளட்டும், இது சின்ன வார்த்தை இல்லை என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவர் இந்துஜாவின் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உன் இஷ்டம்மா" என்றார்.

பாலைவனத்தில் தன் தண்ணீரை எடுத்து நீட்டினவர் இவர்தான்.

"எனக்கும் போயிட்டு, இந்து" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "என்னம்மா போயிட்டு?"

"எங்கிட்ட மிச்சம் இருந்த கிட்னி. அதுவும் போய்க்கிட்டு இருக்கு. எனக்கும் வேணும்."

நான் பேசியது எனக்கே சத்தமாகக் கேட்டது. இந்துஜா என் முகத்தைப் பார்த்தாள், குனிந்து என் காலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள். அவருடைய கையை விடவும் இல்லை, பிடித்திருக்கவும் இல்லை, அப்படியே வைத்திருந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் என் பக்கம் திரும்பினார். என்னிடம்தான் சொன்னார்.

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன், கனி."

"ம்" என்றேன்.

மார்ச் 19

இந்துஜா இரவெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் உடம்பில் கத்தி படக்கூடாதென்றுதானே அம்மா அப்படிக் கேட்டாய், யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் நான் திகைத்து நின்றுவிட வேண்டும் என்றுதானே என்றாள். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

இல்லை என்றேன். எனக்குப் பிழைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான் என்றேன்.